குறைந்த காசில் முதல் பேஸ் அம்பிளிபயர்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

பேஸ் கிற்றார் வாங்கியவுடன் செலவு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். சாதாரண மரக் கிற்றாரை வாங்கிய அன்றே முற்றத்தில் இருந்து வாசிக்கலாம், நாலு பேருக்குக் கேட்கும். பேஸ் கிற்றாரை அப்படி வாசித்தால் வாசிப்பவரின் மடிக்கு அப்பால் எதுவும் போகாது. அதன் உடல் திண்மமான மரக்கட்டை. ஒலியை உருவாக்குவது அம்பிளிபயரும் ஸ்பீக்கரும்தான். ஆகவே அம்ப் என்பது மேலதிகச் சாமான் அல்ல, வாத்தியத்தின் மறுபாதி.

இந்த மறுபாதியை வாங்கும்போதுதான் நம்மவர்களின் காசு கூடுதலாக வீணாகிறது. வடக்கு கிழக்கில் பேஸ் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் ஊர் இசைக்குழுக்களிலும் இருக்கும் இளைஞர்கள், யுவதிகள். பலருடைய வீட்டில் ஒரே ஒரு வருமானம். சிலருடைய வீட்டில் வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ அனுப்பும் காசு. ஒருமுறை பிழையாக வாங்கினால் மறுமுறை வாங்க ஐந்து வருடம் ஆகலாம்.

நாணய மாற்று செய்த வேலையையும் மறக்கக்கூடாது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அதே வருடம் மே மாதமளவில் அது 360 ரூபாயைத் தொட்டது. 150 டொலர் பெறுமதியான ஓர் அம்ப், வரியும் கடைக்காரரின் இலாபமும் சேராமலே, 30,000 ரூபாயிலிருந்து 54,000 ரூபாயாக மாறியது. அதற்குப் பிறகு ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. எனவே “மலிவானதை இப்போது வாங்குவோம், பிறகு மாற்றுவோம்” என்ற யோசனை நம்முடைய நிலைமைக்குப் பொருந்தாது. நான் பரிந்துரைப்பது, எங்கே வாசிக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த இடத்துக்குப் போதுமானதை ஒரே முறையில் வாங்குவது.

தாழ்ந்த ஒலிக்கு ஏன் தனி அம்ப்

பாடசாலை விஞ்ஞானத்தில் மீடிறன் என்று படித்திருப்போம். நாலு தந்தி பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. சாதாரண கிற்றாரின் தடித்த தந்திக்கு இது 82. ஐந்து தந்தி பேஸில் இன்னும் கீழே போய் 31 வரை வரும். மீடிறன் குறையக் குறைய, அதே சத்தத்தைக் கேட்கச் செய்ய ஸ்பீக்கர் கூடுதலான காற்றைத் தள்ள வேண்டும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நிறைய அசைய வேண்டும். சாதாரண கிற்றார் அம்பின் ஸ்பீக்கர் அப்படி அசைவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

“என்னிடம் கிற்றார் அம்ப் இருக்கிறது, அதில் பேஸைச் செருகலாமா?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மெதுவான சத்தத்தில் செருகலாம், ஒன்றும் ஆகாது. சத்தத்தைக் கூட்டும்போதுதான் சிக்கல். அம்பின் மின்சுற்று தாங்கும், ஸ்பீக்கர் தாங்காது. முதலில் “பர்ர்” என்று கிழிந்த ஒலி வரும். அந்த ஒலி வந்தவுடன் குறைக்காவிட்டால் சில நாளில் கூம்போ சுருளோ போய்விடும். கீபோர்ட் அம்ப் இதைவிட நல்லது. கீபோர்டிலும் தாழ்ந்த சுரங்கள் இருப்பதால் அதன் ஸ்பீக்கர் ஓரளவுக்குத் தயாராகவே இருக்கும். தேவாலயத்தில் சும்மா கிடக்கும் கீபோர்ட் அம்ப் ஒன்று உண்டென்றால், பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கேட்டு முதல் ஆறு மாதத்தை அதிலேயே ஓட்டலாம்.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. ஃபென்டர் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸ் கிற்றாரைக் கொண்டுவந்தது. அதற்காகவே 1952இல் பேஸ்மன் என்ற அம்பையும் செய்தது. ஆனால் கிற்றார்காரர்கள் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். 1950களின் கடைசியில் வந்த பேஸ்மன் மின்சுற்றைப் பார்த்துத்தான் இலண்டனில் மார்ஷல் தன்னுடைய முதல் கிற்றார் அம்பைச் செய்தது. பேஸுக்கென்று பிறந்த பெட்டி ரொக் கிற்றாரின் மூதாதையாகிவிட்டது. பேஸ்காரருக்கு மிஞ்சியது 1960இல் வந்த அம்பெக் பி-15. வெறும் 25 வொட் மட்டும் கொண்ட அந்தப் பெட்டியில்தான் மோட்டவுன் இசைப்பதிவுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜமர்சன் சிறு அரங்குகளில் வாசித்து வந்தார். 1969இல் அம்பெக் 300 வொட் எஸ்.வி.ரி.யை வெளியிட்டது மைதானக் கச்சேரிகளுக்காக. நமக்கு மைதானம் இப்போதைக்குத் தேவையில்லை.

வொட் கணக்கில் ஏமாறாதிருக்க

கொழும்பு புறக்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் விற்கும் மலிவான ஒலிச் சாதனங்களில் “3000 வொட்” என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று சிறிய எழுத்து. அந்தக் கணக்குக்குப் பொதுவான நியதி எதுவும் இல்லை. விற்பவர் விரும்பிய எண்ணை எழுதலாம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வொட் மட்டுமே. அது எழுதப்படவில்லையென்றால் பின்பக்கத்தில் எத்தனை வொட் மின்சாரம் எடுக்கிறது என்ற அட்டையைப் பாருங்கள். 60 வொட் மின்சாரம் எடுக்கும் பெட்டி 3000 வொட் சத்தத்தைத் தொடர்ந்து தர முடியாது.

இரண்டாவது விடயம், வொட் இரு மடங்கானால் சத்தம் இரு மடங்காகாது. 20 வொட்டிலிருந்து 40 வொட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு அது “கொஞ்சம் கூடிவிட்டது” என்ற அளவுதான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வொட் வேண்டும். ஆகவே 25 வொட்டா 30 வொட்டா என்று கடையில் நின்று மண்டையை உடைப்பதில் பயனில்லை. 25 வொட்டா 100 வொட்டா என்பதுதான் உண்மையான கேள்வி.

ஸ்பீக்கரின் உணர்திறன் என்ற எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வொட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கிறது என்பதே அது. 96 டெசிபெல் ஸ்பீக்கர் 50 வொட்டில் தரும் சத்தத்தை 93 டெசிபெல் ஸ்பீக்கர் 100 வொட்டில்தான் தரும். இரண்டு பெட்டிகள் ஒரே விலையென்றால் நான் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஸ்பீக்கரின் அளவும் முக்கியம், ஆனால் “15 அங்குலம்தான் பேஸ்” என்ற பழைய நம்பிக்கை முழு உண்மையல்ல. 8 அங்குல ஸ்பீக்கர் 41 என்ற அடிப்படை மீடிறனைச் சரியாகத் தராது. எனினும் அதே சுரத்தின் மேல்மடங்குகளான 82, 123 ஆகியவற்றைத் தரும். அவற்றிலிருந்து நம் மூளை கீழ்ச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. கைபேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் போலக் கேட்பதும் இப்படித்தான். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிற்றார் தனிப் பாட்டுப்போல ஓடுவதைக் கேட்டு இந்த வாத்தியத்துக்கு வந்தவர்கள் பலர். அந்த ஓட்டம் துலங்குவதற்கு அடிவயிறு அதிரும் ஒலியைவிட நடுப்பகுதி ஒலிதான் முக்கியம். அதற்கு ஒரு நல்ல 10 அங்குல ஸ்பீக்கர் போதும்.

எங்கே வாசிக்கப் போகிறீர்கள்

தனியே பழகுவதற்கு மட்டும் என்றால், அம்பே வேண்டாம் என்பது என் முதல் ஆலோசனை. ஹெட்போனுக்கான குட்டி அம்ப்கள் இருக்கின்றன. வொக்ஸ் அம்பிளக் பேஸ் என்பது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, நேராகக் கிற்றாரில் செருகுவது. இரண்டு சிறிய பற்றரியில் ஓடும். கைபேசியிலிருந்து பாட்டையும் கூடவே கேட்டு வாசிக்கலாம். மிகுதிக் காசைச் சேர்த்துவைத்து ஒரு வருடம் கழித்துப் பெரிய அம்ப் வாங்கலாம்.

வீட்டில் ஓர் அறையில் கேட்டு வாசிக்க, 15 முதல் 25 வொட் வரை போதும். ஃபென்டர் ரம்பிள் 25, ஒரேஞ் கிரஷ் பேஸ் 25, ஹார்ட்கி எச்.டி. 25 ஆகிய மூன்றும் 8 அங்குல ஸ்பீக்கர் கொண்டவை. மூன்றிலும் ஹெட்போன் துளை உண்டு. இவற்றில் எது சிறந்தது என்று இணையத்தில் இரவிரவாகச் சண்டை பிடிப்பார்கள். பழகுகிறவருக்கு மூன்றும் சரி. உங்கள் ஊருக்குக் கிட்ட எது கிடைக்கிறதோ, எதைத் திருத்த ஆள் இருக்கிறதோ அதுவே நல்லது.

ஹார்மோனியம், தபேலா, கீபோர்ட், மரக் கிற்றார் ஆகியவற்றோடு சேர்ந்து வாசிப்பதானால் 40 அல்லது 50 வொட், 10 அங்குல ஸ்பீக்கர். காசைச் செலவழிக்க மிகச் சரியான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஃபென்டர் ரம்பிள் 40 ஏறத்தாழ 8 கிலோ. ஒரு கையில் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறலாம். அதன் பின்பக்கத்தில் மண்டபத்தின் மிக்சருக்கு நேரே கம்பி கொடுக்கும் துளையும் இருக்கிறது. ரம்பிள் 25இல் அது இல்லை. அந்த ஒரு துளைக்காகவே கூடுதல் காசைக் கொடுக்கலாம், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஹார்ட்கி எச்.டி. 50உம் இந்த வகுப்பில்தான்.

ட்ரம்ஸ் அடிக்கும் குழுவோடு என்றால் கதை வேறு. ட்ரம்ஸுக்கு மேலே பேஸ் கேட்க வேண்டுமானால் 100 வொட்டுக்குக் குறையக்கூடாது. அதிலும் அடிப்பவர் கை பலமானவர் என்றால் 200, 300 வொட் வரை வேண்டியிருக்கும். 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ரம்பிள் 100 ஏறத்தாழ 10 கிலோதான். புதிய அம்ப்களில் டி வகுப்பு என்ற மின்சுற்று வந்த பிறகு நிறை வெகுவாகக் குறைந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முந்திய 100 வொட் பெட்டி இருபது கிலோவைத் தாண்டும்.

நிறையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கையிலோ காலிலோ காயப்பட்டவர்கள், முதுகில் இன்னும் செல் துண்டு இருப்பவர்கள் நம்மிடையே வாசிக்கிறார்கள். 18 கிலோ பெட்டியை மேடைக்கு ஏற்றி இறக்குவது அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் தயவை எதிர்பார்ப்பதாகிவிடும். அப்படியானவர்களுக்கு “ஒலி சற்றுக் குறைவானாலும் நிறை குறைந்தது” என்பதே சரியான தெரிவு. சில்லு வைத்த சிறிய தள்ளுவண்டி ஒன்றும் உதவும்.

அயலும் காதும்

41 மீடிறன் ஒலியின் அலைநீளம் 8 மீற்றருக்கும் மேல். ஓர் அறைக்குள் அது அடங்காது. சுவரும் கதவும் மேல்சுரங்களை மறிக்கும், கீழ்ச்சுரத்தை மறிப்பது கடினம். பக்கத்து வீட்டுக்குப் பாட்டுக் கேட்காது, “தும், தும்” என்ற அதிர்வு மட்டும் போய்ச் சேரும்.

எங்கள் ஊர்களில் அந்த அதிர்வுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. தூரத்தில் செல் குத்தும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், பங்கருக்குள் நிலம் அதிர்வதை உடம்பால் உணர்ந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். பல வீடுகளில் நம்முடைய அம்மாவோ அப்பாவோதான் அவர்கள். எதிர்பாராத நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து வரும் தாழ்ந்த அதிர்வு அவர்களை உலுக்கிவிடலாம். அதற்காக வாசிக்காமல் இருக்க வேண்டியதில்லை. எப்போது வாசிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது பெரிய உதவி, ஏனென்றால் தெரிந்து வரும் சத்தமும் தெரியாமல் வரும் சத்தமும் ஒன்றல்ல. அம்பை நிலத்தில் வைக்காமல் ஒரு கதிரையில் ஏற்றி, அடியில் தடித்த ஃபோம் துண்டு போட்டால் சீமெந்துத் தரைக்குப் போகும் அதிர்வு குறையும். மூலையில் வைத்தால் கீழ்ச்சுரம் இன்னும் ஊதிப் பெருக்கும், மூலையிலிருந்து வெளியே இழுத்து வையுங்கள். கதிரையில் வைத்தால் இன்னொரு நன்மை, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும், முழங்காலைப் பார்க்காது. குறைந்த சத்தத்திலேயே உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். இரவில் ஹெட்போன்தான்.

வெடிச்சத்தத்தால் காது பாதிக்கப்பட்டவர்கள், காதுக்குள் எந்நேரமும் இரைச்சல் கேட்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய தொழிற்பாதுகாப்பு சுகாதார நிறுவனம் 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணித்தியாலம், 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிடம். ட்ரம்ஸோடு ஒரு சிறிய அறையில் பயிற்சி எடுத்தால் 100 டெசிபெல் எளிதில் வந்துவிடும். ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவர், தனக்குக் கேட்கவில்லையென்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம், அது மிச்சத்தையும் கெடுக்கும். அவருக்கு 200 வொட் அம்பைவிட மருந்துக்கடையில் வாங்கும் காதடைப்பான் முக்கியம்.

மண்டபத்துக்குப் பெரிய அம்ப் தேவையா

நம்முடைய கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலி அமைப்பு வாடகைக்கு வருகிறது. பெரிய பெட்டிகளும் மிக்சரும் அவர்களிடம் இருக்கின்றன. பேஸ்காரர் செய்ய வேண்டியது தன் ஒலியை மிக்சருக்குக் கொடுப்பது மட்டும். அதற்குத்தான் ரம்பிள் 40 போன்றவற்றின் பின்பக்கத் துளை. கூட்டத்துக்கு மண்டபப் பெட்டிகள் கேட்கும், உங்களுக்கு உங்கள் 40 வொட் கேட்கும். அந்தத் துளை இல்லாத அம்ப் என்றால் டி.ஐ. பெட்டி என்ற சிறிய சாதனம் ஒன்று போதும். அம்பைவிட மிகக் குறைந்த விலை. ஒலி அமைப்புக்காரரிடமே பெரும்பாலும் இருக்கும், முதலில் கேட்டுப் பாருங்கள்.

கிற்றார் கேபிளை நேராக மிக்சரின் மைக் துளையில் செருகுவதை அடிக்கடி காணலாம். ஒலி வரும், ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக வரும். பற்றரி இல்லாத பேஸ் கிற்றாரின் பிக்கப் எதிர்பார்ப்பது உள்ளீட்டுத்தடை மிக அதிகமான துளையை, ஏறத்தாழ 10 இலட்சம் ஓம். மைக் துளையில் இருப்பது சில ஆயிரம் ஓம்தான். டி.ஐ. பெட்டி இந்த இரண்டுக்கும் இடையில் தரகு வேலை செய்கிறது.

ஆகவே வருடத்துக்கு நாலு நிகழ்ச்சிக்காக 300 வொட் அம்ப் வாங்க வேண்டாம். அதற்காக நுண்கடன் எடுக்கவே வேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்களை அந்தக் கடன்கள் எந்த நிலைக்குக் கொண்டுவந்தன என்பது இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து சீட்டுப் பிடிப்பது, அல்லது குழுவின் பொதுப் பணத்தில் ஓர் அம்ப் வாங்கித் தேவாலயத்திலோ சனசமூக நிலையத்திலோ வைப்பது இரண்டும் நடக்கக்கூடிய காரியங்கள்.

கனடாவிலிருந்து வரும் பெட்டி

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருவது பலருக்குக் கிடைக்கும் வழி. இதில் ஒரே ஒரு விடயம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இலங்கை மின்சாரம் 230 வோல்ட். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120. யப்பானில் 100. பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் நம்மைப் போன்றதே. இலண்டன் மாமாவின் அம்ப் பிளக் மாறினாலும் மாறாவிட்டாலும் இங்கே வேலை செய்யும். ரொறன்ரோ மாமாவின் அம்பை நேராகச் சுவரில் செருகினால் அந்தக் கணமே எரியும்.

வாங்குவதற்கு முன் பின்பக்க அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “100–240 வோல்ட்” என்று இருந்தால் கவலையில்லை. சிலவற்றில் 115/230 என்று மாற்றும் சுவிச் இருக்கும், செருகுவதற்கு முதல் அதை மாற்ற வேண்டும். “120 வோல்ட்” என்று மட்டும் இருந்தால் வோல்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று தேவை. அம்ப் எடுக்கும் வொட்டைவிட ஒன்றரை மடங்காவது தாங்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். அதன் விலையையும் நிறையையும் கணக்கில் சேர்த்துவிட்டு, அதன் பிறகும் இலாபமா என்று பாருங்கள். புறக்கோட்டையில் கிடைக்கும் யப்பானியப் பாவித்த சாமான்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஊரில் செய்வித்தால்

யாழ்ப்பாணத்தில் அம்ப் செய்யத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1990களில் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. அந்தத் தலைமுறைத் திருத்துநர்கள் இன்னும் சிலர் கடை வைத்திருக்கிறார்கள். டி.டி.ஏ. 7294 போன்ற ஒரு சிப்பையோ, 5200–1943 ட்ரான்சிஸ்டர் சோடியையோ வைத்து 50, 60 வொட் அம்பை அவர்கள் நியாயமான காசில் கட்டித் தருவார்கள்.

அவர்களிடம் இரண்டு விடயத்தை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, இது கைபேசிப் பாட்டுக்கல்ல, பேஸ் கிற்றாருக்கு. சாதாரண போர்டில் கிற்றாரை நேராகச் செருகினால் மேலே சொன்ன மந்த ஒலிதான் வரும். உள்ளீட்டுத்தடை கூடிய முன்நிலைச் சுற்று ஒன்று தனியாக வேண்டும். இரண்டாவது, கார் சப்வூஃபர் ஸ்பீக்கரைப் போட விடாதீர்கள். அது அதிரும், ஆனால் நடுப்பகுதி ஒலி வராது, எந்தச் சுரம் வாசிக்கிறோம் என்றே கேட்பவருக்குத் தெரியாது. உணர்திறனும் குறைவு, வொட் வீணாகும். மேடைப் பாவனைக்கான 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கரைக் கேளுங்கள். பெட்டியை 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் அடிக்க வேண்டும். சிப்போர்ட் பலகை ஒரு மாரிகாலத்திலேயே ஊதிவிடும். இப்படிச் செய்வித்த பெட்டியின் பெரிய நன்மை, கெட்டால் செய்தவரிடமே கொண்டுபோகலாம். குறை, திரும்ப விற்க முடியாது.

பாவித்ததை வாங்கும்போது

உங்கள் சொந்த பேஸையும் கேபிளையும் கொண்டுபோங்கள். பகலில் போங்கள். எதையும் செருகாமல் அம்பைப் போட்டு சத்தத்தைப் பாதிவரை கூட்டுங்கள். மெல்லிய இரைச்சல் இருக்கலாம், கனமான “ம்ம்ம்” என்ற உறுமல் இருந்தால் உள்ளே மின்தேக்கி பழுதாகியிருக்கலாம். பிறகு கிற்றாரைச் செருகித் தடித்த தந்தியைத் திறந்தபடி மீட்டி நீளமாக ஒலிக்க விடுங்கள். ஒவ்வொரு சுரமாக மேலே ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி நடுங்கினால் ஆணியோ முன்வலையோ தளர்ந்திருக்கும், அது சின்ன வேலை. எல்லாச் சுரத்திலும் கிழிந்த ஒலி வந்தால் ஸ்பீக்கர் போய்விட்டது.

குமிழ்களைத் திருகும்போது வரும் கரகரப்பு தூசி, மருந்தடித்தால் போகும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். கேபிள் செருகும் துளையை மெதுவாக அசையுங்கள், சத்தம் விட்டுவிட்டு வந்தால் அதைச் சூட்டுக்கோலால் ஒட்ட வேண்டும். முன்வலையைக் கழற்ற முடிந்தால் கூம்பின் நடுவை இரண்டு பக்க விரல்களாலும் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் வேண்டாம். அரை மணித்தியாலம் தொடர்ந்து வாசியுங்கள், சில பழுதுகள் சூடேறிய பிறகுதான் வெளியே வரும். அரை மணித்தியாலம் அனுமதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

பின்பக்கத்தைத் திறக்க விட்டால் பியூஸைப் பாருங்கள். பியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியோ சிகரட் பெட்டித் தாளோ சுற்றியிருந்தால், அந்த அம்ப் ஏற்கெனவே ஒருமுறை எரிந்து, காரணம் கண்டுபிடிக்காமல் ஓட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தனி அம்பும் தனி ஸ்பீக்கர்ப் பெட்டியுமாக வாங்கினால் ஓம் கணக்குப் பார்க்க வேண்டும். அம்பில் “குறைந்தது 4 ஓம்” என்று இருந்தால் 8 ஓம் பெட்டி இரண்டை இணைக்கலாம், இரண்டும் சேர்ந்து 4 ஆகும். 4 ஓம் பெட்டி இரண்டை இணைத்தால் 2 ஆகிவிடும், அம்ப் சூடேறி எரியும். இரண்டுக்கும் இடையில் போடுவது தடித்த ஸ்பீக்கர்க் கம்பியாக இருக்க வேண்டும், மெல்லிய கிற்றார் கேபிள் அல்ல.

மின்சாரம்

இதை ஒருவரும் விளையாட்டாக எடுக்கக்கூடாது. பேஸ் கிற்றாரின் தந்திகள் அம்பின் ஏர்த்தோடு இணைந்திருக்கின்றன. அம்ப் ஓரிடத்திலும் மைக் இன்னோரிடத்திலும் மின்சாரம் எடுத்து, ஒன்றின் ஏர்த் சரியில்லாமல் இருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் படும்போது உடலுக்குள்ளால் மின்சாரம் பாயும். திருவிழா மேடையில் மின்பிறப்பாக்கியில் ஒரு பகுதியும் கோயில் இணைப்பில் இன்னொரு பகுதியும் ஓடுவது நமக்குப் பழக்கமான காட்சி. மேடையில் உள்ள எல்லாமே ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறதா என்று கேளுங்கள். பாடுவதற்கு முன் மைக்கின் உலோகப் பகுதியைத் தந்தியால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், பொறி பறந்தால் வாசிக்க வேண்டாம். மைக்குக்கு ஃபோம் உறை போடுங்கள். இரைகிறது என்பதற்காக மூன்று கால் பிளக்கின் ஏர்த் காலை வெட்டுவதோ, அதன் கம்பியைக் கழற்றுவதோ உயிருக்கு ஆபத்து. இரைச்சலைப் போக்கத் துளையைச் சுத்தம் செய்யுங்கள், கேபிளை மாற்றுங்கள், அம்பை ட்ரான்ஸ்போமருக்கும் டியூப் லைற்றுக்கும் தூரமாக நகர்த்துங்கள்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது பற்றரியில் ஓடும் அம்ப்களைத் தேடியவர்கள் அதிகம். ரோலன்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆறு பற்றரியில் ஓடும். சத்தம் ஓர் அறைக்கு மட்டும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் கணத்தில் வோல்ட் துள்ளும். ஆகவே மின்சாரம் போனவுடன் அம்பின் சுவிச்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். வந்து ஐந்து நிமிடம் பொறுத்து, சத்தக் குமிழைப் பூச்சியத்தில் வைத்த பிறகு போடுங்கள்.